யானைச் சின்னத்தின் பின்பக்கம்

ஷார்ஜாவின் ரோலாவில் சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை விளக்கு விழுந்தாலும் அவர் உடனே இறங்க மாட்டார். கூடக் கடக்க இன்னும் நாலைந்து பேராவது வரவேண்டும். அவர்கள் நடுவில் புகுந்துகொண்டு, சட்டைப் பையை ஒரு கையால் பொத்தியபடி ஓட்டமும் நடையுமாக வருவார். பையில் இருப்பது லேபர் கார்டு, அந்த நாட்டில் வேலை பார்ப்பதற்கான அனுமதி அட்டை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒரு தரம், சிக்னலில் ஒரு தரம், எங்கள் கடைப் படியேறும்போது ஒரு தரம் என்று அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். லிஃப்டில் தனியாக ஏற மாட்டார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டார். கூரியர்க்காரன் கையெழுத்துக் கேட்டால், "நீங்க போட்டுருங்க தங்கச்சி" என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிடுவார்.

திருச்செந்தூர் பக்கத்துக்காரர். கடையில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றோம். மலையாளிகளும் பட்டான் டிரைவரும்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நான் என் கணவர் விசாவில் ஷார்ஜாவுக்கு வந்தவள். அவருக்கு ஏசி கம்பெனியில் டிசைன் வேலை. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், குழந்தையைப் பக்கத்து ஃபிளாட்டில் விட்டுவிட்டு, மாடியில் இருந்த அந்தக் கடையில் சேர்ந்தேன். கோப்பைகள், மெடல்கள், பள்ளிக்கூடக் கேடயங்கள், கம்பெனி பேட்ஜ்கள் எல்லாம் செய்து தரும் கடை. கம்ப்யூட்டரில் படம் வரைவதும், இங்கிலீஷில் கடிதம் அடிப்பதும், வெள்ளைக்காரர்கள் வந்தால் பேசுவதும் என் பொறுப்பு. எனக்கு லேபர் கார்டு கிடையாது. கணவர் விசாவில் இருந்துகொண்டு அப்படி வேலை பார்ப்பது தப்பு என்று தெரியும். "பாதிப் பேர் இங்க அப்படித்தாம்மா" என்று மேனேஜர் சொன்னதை நம்பிக்கொண்டேன். கடை யார் பெயரில் இருந்ததோ அந்த அரபி, எங்கள் கஃபீல், வருடத்துக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்றபடி கடை முழுக்க மேனேஜர் கையில். மெட்ராஸ்காரர். எப்போதும் ஊத் அத்தர் வாசனை, எப்போதும் சிரிப்பு. எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவர் மேசை டிராயரில் இருந்தது.

துறைமுகங்களிலும் எண்ணெய்க் கம்பெனிகளிலும் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்கள் குளிர்காலத்தில் ஒன்றுகூடி, கட்டம்போட்ட பாவாடை மாதிரி அவர்கள் உடையைக் கட்டிக்கொண்டு, தோல்பை வைத்த பைப் ஊதி விருந்து வைப்பார்கள். அதற்குத் தொப்பியில் குத்தவும் தோள் துணியைப் பிடிக்கவும் சின்னங்கள் வேண்டும். அவர்கள் நாட்டுப் பழைய பட்டாளங்களின் சின்னங்களைப் பார்த்து நாங்கள் புதிதாகச் செய்துகொடுப்போம். பின்னறையில் அச்சு எடுப்பதும் வார்ப்பதும் அண்ணாச்சி.

அவர் அதற்கு முன் புஜைராவில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கிடங்கில் இருந்திருக்கிறார். ஒரு கப்பல் இன்ஜினியர் விட்டுவிட்டுப் போன புத்தகம் ஒன்று அங்கே அவருக்குக் கிடைத்தது. அட்டை கிழிந்த புத்தகம். முழுக்க ஸ்காட்லாந்துப் பட்டாளச் சின்னங்களின் படங்கள். மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்ததும் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார். "இதுல என்ன எழுதிருக்கு தங்கச்சி?" நான் படித்துச் சொல்வேன். ஒருமுறை சொன்னால் போதும், மறக்க மாட்டார். கிரீடத்தின் வளைவு உப்பியிருந்தால் ராஜா காலத்தது, நடுவில் அமுங்கியிருந்தால் அப்போது இருந்த ராணி காலத்தது. ஒரு பட்டாளத்துக்கு மான் தலை, இன்னொன்றுக்குக் காட்டுப்பன்றித் தலை, பக்கத்தில் ஒரு காட்டுப்பூனை. சாய்ந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு புனிதர். எல்லாவற்றையும் சுற்றி அந்த ஊர் முட்பூ.

"நம்ம ஊரு பிரம்மதண்டு மாதிரில்லா இருக்கு!" என்பார். "மாடுகூட வாய வைக்காது. அதப் போயி தொப்பில வச்சிருக்காவ."

எதிரிகள் செருப்பில்லாமல் பதுங்கி வந்தபோது ஒருவன் அந்த முள்ளை மிதித்துக் கத்திவிட்டான், அதனால் நாடு தப்பித்தது என்று கதை சொல்வார்கள் என்றேன். 'எங்களைச் சீண்டுகிறவன் தப்ப மாட்டான்' என்று அதற்குக் கீழே லத்தீனில் எழுதியிருப்பதையும் சொன்னேன். அவர் பக்கங்களைப் புரட்டி மான் தலையையும் பன்றித் தலையையும் மறுபடி பார்த்தார்.

"இவங்க ரொம்பப் பயந்த ஆளுங்க தங்கச்சி."

"யாரு, பட்டாளத்துக்காரங்களா?"

"ஆமா. முள்ளு, கொம்பு, பன்னிப் பல்லு. பயம் இல்லாதவனுக்கு இதெல்லாம் எதுக்கு? வெறுந்தொப்பியோட போவாம்லா."

சின்னங்களைப் பற்றி அதற்குப் பிறகு நானும் எவ்வளவோ படித்துவிட்டேன். இப்படியொரு விளக்கத்தை எங்கேயும் பார்த்ததில்லை. அவர் அந்தப் புத்தகத்தோடு ஏன் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது.

இவ்வளவு பயந்த மனிதருக்கு ஒரு கோளாறு இருந்தது. தப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவரால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு பைப் குழு முந்நூறு பேட்ஜ் கேட்டிருந்தது. மேனேஜரே படத்தைப் பார்த்து ஓகே பண்ணி, அச்சும் தயார். அன்று காலையிலிருந்து அண்ணாச்சி இரண்டு தரம் பாத்ரூம் போய்வந்தார். உள்ளங்கையைப் பேண்டில் துடைத்தார். மேனேஜர் அறைக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். கடைசியில் உள்ளே போய், "சார், ஒரு விசயம். தப்பா எடுத்துக்கிடக் கூடாது" என்று ஆரம்பித்தார். அவங்க கேட்டது ராஜா கிரீடம், நாம போட்டிருக்கிறது ராணி கிரீடம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் சட்டையின் முதுகு நனைந்துவிட்டது. மேனேஜர் அந்தக் குழுவுக்குப் போன் பண்ணி, தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். அண்ணாச்சிக்கு அதில் வருத்தமே இல்லை. சொல்லியாயிற்று, இனி தூக்கம் வரும் என்ற நிம்மதி மட்டும் முகத்தில் இருந்தது.

லேபர் இன்ஸ்பெக்ஷன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வாக்கில். கீழே மொபைல் கடைக்காரர் போனில், "ஆளுங்க ஏறி வர்றாங்க" என்று மட்டும் சொன்னார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அண்ணாச்சிதான் என் ஹேண்ட்பேக்கை எடுத்து என் கையில் திணித்து, ஒரு கோப்பையையும் பையில் போட்டுக் கொடுத்து, "பின்படி வழியா இறங்குங்க. யாராவது பாத்தா நீங்க சாமான் வாங்க வந்தவுக" என்று தள்ளிவிட்டார். அவர் பற்கள் தந்தியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். வந்த அதிகாரிகள் கார்டுகளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். என் மேசையில் நான் குடிக்காமல் விட்டுப்போன டீ இல்லை.

"ரெண்டு டம்ளர் சூடா இருந்தா 'இது யாரு டீ'ன்னு கேப்பாவல்லா. அதான் உங்க டீயையும் நானே குடிச்சிட்டேன்" என்றார். நாக்கு வெந்து, பேச்சு குழறியது.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, கேட்டிருந்தா நான் சொல்லிருப்பேன். எனக்கு மறைக்க வராது. அதான் கேக்க விடாமப் பாத்துக்கிட்டேன்."

அன்றிரவு என் கணவரிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். அண்ணாச்சி சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் முழுசாக உறைத்தது. அதற்குப் பிறகு கடையில் யாராவது அண்ணாச்சியிடம் எதையாவது கேட்டாலே நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன்.

ஒரு ஸ்காட்லாந்து அம்மாள் கடைக்கு வந்தது அடுத்த மார்ச்சிலோ ஏப்ரலிலோ. அறுபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, வெயிலில் சிவந்த கைகள். வளைகுடாத் துறைமுகங்களில் முப்பது வருடம் வேலை பார்த்த கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்புகிறார். கணவர் சேர்த்து வைத்த பதினோரு சின்னங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சுத்தம் செய்து, ஒரே சட்டத்துக்குள் வைத்துக் கண்ணாடி போட்டுத் தரவேண்டும்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் ஒவ்வொன்றையும் எடுத்து, முன்பக்கத்தை விட்டுவிட்டு முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இரும்பு அச்சில் ஓங்கி அடித்த தகடு என்றால் முன்னால் மேடாக இருப்பது பின்னால் குழியாக இருக்கும். வழவழவென்று இருக்கும். வார்த்தெடுத்த நகல் என்றால் பின்னால் மணல் தூவினது போலச் சொரசொரப்பாக இருக்கும், அளவிலும் மயிரிழை சிறுத்திருக்கும். பதினொன்றும் அசல். நட்சத்திர வடிவத்தில் ஒன்று இருந்தது. நடுவில் ஊதுகொம்பு, மேலே கிரீடம், கீழே சின்னதாக ஒரு யானை. அந்தம்மாவின் கணவருடைய தாத்தா தன் தொப்பியில் குத்தியிருந்ததாம்.

"யானை எப்படி அங்க போச்சுன்னு கேளுங்க" என்றார் அண்ணாச்சி.

கேட்டுச் சொன்னேன். இருநூறு வருடத்துக்கு முன்னால் தக்காணத்தில் ஒரு சண்டை. அதில் ஜெயித்ததற்காக அந்தப் பட்டாளத்துக்குக் கொடுத்த கௌரவம் அந்த யானை.

அவர் யானையைக் கட்டைவிரலால் தடவினார். "அது எந்தப் பக்கத்து யானையாம்?"

மொழிபெயர்த்தேன். அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் நூறு வருடமாக இதை யாரும் கேட்கவில்லை என்றார். அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தனியாகத் தூக்கி வைத்திருந்தார்.

மறுநாள் மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். யானை நட்சத்திரம், மான் தலை, தோளில் குத்தும் பெரிய வட்டச் சின்னம் ஆகிய மூன்றையும் நல்ல விலைக்கு வாங்கத் துபாயில் ஆள் இருக்கிறார் என்றார். மூன்றுக்கும் நகல் செய்து சட்டத்தில் வைத்துவிடலாம். அசல் இங்கேயே இருக்கட்டும்.

"கண்ணாடிக்குள்ள போயிடுச்சுன்னா எவனுக்குத் தெரியும்? அந்தம்மா ஊருக்குப் போய் செவுத்துல மாட்டப் போறாங்க. நீங்கம்மா, கீழ ஒட்டற அட்டைல 'எல்லாம் அசல்'னு நீட்டா அடிச்சிடுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, "உங்க விசா இந்த மாசம் ரினியூவல்ல இருக்கு, இல்ல? பாத்துக்கலாம்" என்றார்.

அண்ணாச்சிக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் மூணு வருசம், இன்னும் மூணு வருசம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். அவர் மூன்று சின்னங்களையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். நான் என் மேசைக்குப் போனேன். அட்டையை அடித்தேன். எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

அவர் நகல் செய்தார். எனக்கு இன்றுவரை நெருடுவது, அதை அவர் அவ்வளவு நன்றாகச் செய்ததுதான். மான் கொம்பின் நுனி ஒன்றுகூட மழுங்கவில்லை. பழசின் கருமை யானையின் காது மடிப்பில் அப்படியே ஏறியிருந்தது. அந்தப் பத்து நாளும் அவர் சாப்பாட்டுப் பாத்திரம் பாதி நிரம்பியபடியே திரும்பிப் போயிற்று. புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"அந்தம்மா எங்கிட்ட எதுவும் கேட்டுரக் கூடாது தங்கச்சி" என்றார் ஒருநாள். "வாங்கிட்டுப் பேசாமப் போயிரணும். நான் சாமிகிட்ட அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

சட்டத்தை ஒப்படைக்கும் நாளன்று லீவு கேட்டார். மேனேஜர் தரவில்லை. அந்தம்மா வந்தார். சட்டத்தைக் கௌண்டர்மேல் வைத்தோம். அவர் கண் கலங்கியது. கண்ணாடிமேல் விரல் வைத்து யானையைத் தொட்டார். கணவர் இப்போது இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்றார். மேனேஜர் பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

வாசல்வரை போனவர் திரும்பினார். பின்னறைக் கதவுக்கு அருகில் அண்ணாச்சி நின்றிருந்தார். அவரைப் பார்த்து, இவற்றைச் சுத்தம் செய்ய உங்களுக்கு ரொம்பச் சிரமமாக இருந்ததா என்று கேட்டார். உபசாரத்துக்குக் கேட்கிற கேள்விதான்.

நான் மொழிபெயர்க்கும் முன்பே அவர் கை பேண்டுக்குப் போய்விட்டது.

"அம்மா, ஒரு விசயம். தப்பா எடுத்துக்கிடக் கூடாது" என்றார் தமிழில், அந்த அம்மாளை நேராகப் பார்த்து. "இதுல மூணு உங்களுது இல்ல. நான் செஞ்சது. உங்களுது சார் டிராயர்ல இருக்கு."

மேனேஜர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் என்மேல் நின்றது. அந்தம்மா என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்றார்.

எனக்குக் கார்டு இல்லை. 'எல்லாம் அசல்' என்று அட்டை அடித்தது நான். போலீஸ், என் கணவருடைய வேலை, பக்கத்து ஃபிளாட்டில் விட்டுவந்த குழந்தை, எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. இவற்றைப் பிரிவது தனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்கிறார் என்றேன், இங்கிலீஷில், குரல் நடுங்காமல்.

அந்தம்மா நெகிழ்ந்துபோய் அண்ணாச்சியின் தோளைத் தொட்டார். நன்றி சொன்னார். அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால், உண்மை சொன்னவனுக்கு யாரும் இப்படிப் புன்னகை செய்ய மாட்டார்கள் என்பது தெரியும். என்னைப் பார்த்தார். கோபம் இருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இன்ஸ்பெக்ஷன் அன்று என்னைப் படிப்பக்கம் தள்ளியபோது இருந்த அதே முகம்தான் இருந்தது.

பிறகு அவர் நடந்து வந்து, அந்தம்மா கையிலிருந்த சட்டத்தை மெதுவாக வாங்கினார். கௌண்டரில் கவிழ்த்தார். "யோவ், என்ன பண்ற!" என்று மேனேஜர் கத்தினார். பின்பலகையின் முதல் கொக்கி அண்ணாச்சியின் விரலில் இரண்டு முறை வழுக்கியது. திறந்துவிட்டார். அடித்துச் செய்த அசல் ஒன்றையும், யானையையும் எடுத்துப் பின்பக்கம் தெரிய அருகருகே வைத்தார். ஒன்று வழவழவென்று குழிந்திருந்தது. மற்றது மணல் மணலாக இருந்தது. அந்தம்மாவின் சுட்டுவிரலைப் பிடித்து முதலில் ஒன்றின்மேல் வைத்தார். பிறகு மற்றதன்மேல் வைத்தார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அவர் அதற்குப் பிறகு அங்கே நிற்கவில்லை. பின்னறைக்குப் போய்விட்டார். அவர் வாந்தி எடுக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

டிராயரிலிருந்து மூன்றும் வந்தன. ஏதோ மாறிப்போய்விட்டது, வேலையாட்களின் குழப்பம் என்றார் மேனேஜர். அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்து, பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்துத் துணியில் சுற்றினார். சட்டம் வேண்டாம் என்றார். அந்த மனிதருக்கு எதுவும் ஆனால் நான் நேராகப் போலீசுக்குப் போவேன் என்று மேனேஜரிடம் மெல்லிய குரலில் சொன்னார். என்னை அவர் பார்க்கவே இல்லை.

அந்த மிரட்டலால்தான் மேனேஜர் திருட்டுக் கேஸ் கொடுக்காமல் விட்டார் என்று நினைக்கிறேன். கொடுப்பேன் என்று அண்ணாச்சியிடம் நான்கு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் விசாவை கேன்சல் பண்ணி, டிக்கெட்டும் கையில் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மேசையில் இன்னும் எட்டு மாதம் வேலை பார்த்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

ஊருக்குப் போகிற அன்று மதியம் அவர் கடைக்கு வந்தார். மேனேஜர் வெளியே போயிருந்த நேரம். பார்த்துத்தான் வந்திருப்பார். நான் எழுந்து நின்றேன். இரண்டு நாளாக மனதுக்குள் கோத்து வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, அன்னிக்கு நான்..."

"அதெல்லாம் இருக்கட்டும் தங்கச்சி" என்று அவசரமாக பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். உள்ளே கேன்சல் முத்திரை. "இதுல என்ன போட்டிருக்குன்னு படிங்க. கேஸு கீசுன்னு எதாவது எழுதிருக்கான்னு பாருங்க. ஏர்போர்ட்ல பிடிச்சு வச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு."

அவர் தங்கியிருந்த ரூமில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ரோலாவில் தடுக்கி விழுந்தால் விசா தாள்களைப் படித்து எழுதித் தரும் டைப்பிங் சென்டர். அவர் சிக்னலைக் கடந்து என்னிடம் வந்திருந்தார்.

நான் படித்தேன். கேன்சல் என்று போட்டிருக்கிறது. எத்தனை நாளுக்குள் வெளியேற வேண்டும் என்று போட்டிருக்கிறது. தேதி. முத்திரை எண். வேறு ஒன்றும் இல்லை. அரபியிலும் அதே எண்ணும் தேதியும்தான்.

"இன்னொரு தரம் படிங்க."

விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக மறுபடியும் படித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை வாங்கினார்.

"சரி. நீங்க படிச்சிட்டீயல்லா. இனிப் பயமில்ல" என்று சொல்லி, படியிறங்கிப் போனார்.